வியர்க்கும் போத்தல்களும் எமது தாகசாந்தியும்



கோடை தொடங்கிவிட்டால் யேர்மனியின் பஸ் தரிப்பிடங்களிலும் தொடருந்து நிலையங்களிலும் ஒரே மாதிரியான படங்கள் வந்துவிடும். ஆள் உயரத்துக்கு ஒரு போத்தல். அதன் உடம்பெங்கும் முத்து முத்தாக நீர்த்துளிகள். உள்ளே இருக்கும் பானம், பின்னால் விளக்கு ஏற்றி வைத்தது போல் மின்னும். பக்கத்தில் ஒரு கிளாஸ், அதற்குள் விளிம்பு கரையாத ஐஸ் கட்டிகள். வேலை முடிந்து களைத்துப்போய் நிற்கும் மனிதனுக்கு அதைப் பார்த்ததும் தொண்டை வரளும். அடுத்த கியோஸ்க்கில் கை தானாகவே குளிர்ப்பெட்டியின் கதவைத் திறக்கும்.

மருத்துவப் பகுதியில் விளம்பரப் படங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நீரிழிவு பற்றியும் ஈரலில் கொழுப்புப் படிவது பற்றியும் பல் சூத்தை பற்றியும் எழுதாத தமிழ் இதழ் இல்லை. எல்லோரும் வாசிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், பிறகு சனிக்கிழமை கடைக்குப் போய் ஆறு போத்தல் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அறிவு குறைந்து இது நடக்கவில்லை. கண் முதலில் முடிவெடுத்துவிடுகிறது, புத்தி பின்னால் வந்து கணக்குப் பார்க்கிறது. ஆகவே இம்முறை கண்ணிலிருந்தே தொடங்குவோம்.

அந்தப் படங்களை எப்படி எடுக்கிறார்கள் என்பது இரகசியமல்ல. இத்தொழிலில் உள்ளவர்கள் தாங்களே பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உண்மையில் குளிர்ந்த போத்தலை வெளியே எடுத்து வைத்தால் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் முதலில் புகைபோலப் படியும். பிறகு துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து, லேபிளை நனைத்து, மேசையில் குளமாகிவிடும். படம் எடுப்பவருக்கு இது உதவாது. எனவே அறைச் சூட்டில் உள்ள போத்தலை எடுத்து, லேபிளுக்கு ஒரு வார்னிஷ் பூச்சுக் கொடுத்து, கிளிசரினும் தண்ணீரும் சம அளவில் கலந்து விசிறுகிறார்கள். கிளிசரின் தடிப்பானது, ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது. அந்தத் துளி மணிக்கணக்கில் வைத்த இடத்திலேயே நிற்கும். ஐஸ் கட்டிகள் அக்ரிலிக் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செதுக்கியவை. விளக்குச் சூட்டில் உருகா. போத்தலின் பின்புறம் அதே உருவத்தில் வெட்டிய வெள்ளி நிறக் கடதாசியை ஒளித்து வைத்து, வெளிச்சத்தைப் பானத்தின் ஊடாகத் திருப்புகிறார்கள். கோலா படத்தில் கரியாகத் தெரியும் என்பதால் தண்ணீர் விட்டு ஐதாக்குவதும் உண்டு. பியரில் நுரை அடங்கிவிட்டால் ஒரு சிட்டிகை உப்பு. இன்று பாதி வேலையைக் கணினி செய்துவிடுகிறது.

கிளிசரின் எமது தொழிலிலும் பழைய நண்பன்தான். வறண்ட தோலுக்குப் பூசுகிறோம். மலச்சிக்கல் உள்ள குழந்தைக்குப் பின்வழியாக வைக்கும் மருந்திலும் அதுவே இருக்கிறது. அடுத்த முறை அந்த முத்துத் துளிகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சுவையான ஒரு விடயம். நீர்த்துளி போத்தலில் இருப்பதைக் குளிர்ச்சியின் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். பௌதிகம் சொல்வது வேறு. நீராவி துளியாக மாறும்போது தன் வெப்பத்தைப் போத்தலுக்குக் கொடுத்துவிடுகிறது. அதாவது துளி படியப் படியப் பானம் சூடேறிக்கொண்டிருக்கிறது. ஊரில் எங்கள் வீட்டு மூலையில் மணலின் மேல் இருந்த மண்பானையும் வியர்த்தது. அது உள்ளே இருந்த தண்ணீர் கசிந்து வெளியே வந்து ஆவியாகிய வியர்வை. ஆவியாகும் தண்ணீர் வெப்பத்தை எடுத்துச் செல்லும், பானை குளிரும். எமது தோல் வியர்த்து உடம்பு குளிர்வதும் இதே வழியில்தான். உண்மையில் குளிர்ச்சி தரும் வியர்வை எந்த விளம்பரத்திலும் வரவில்லை, பானை விற்க ஆளில்லை என்பதால்.

குளிர்ச்சியைப் படமாக்குவதில் யேர்மனிக்கு ஒரு தனி வரலாறே உண்டு. அதிலும் பல பக்கங்கள் எம்மவர் பெருமளவில் வாழும் நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் எழுதப்பட்டவை. 1968 இல் கேல்ன் நகரத்து அப்ரி கோலாவுக்காகச் சார்ள்ஸ் வில்ப் என்னும் படப்பிடிப்பாளர் செய்த விளம்பரத்தை இந்நாட்டின் மூத்தவர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். றூர் பகுதியின் விற்றன் நகரில் 1932 இல் பிறந்து டுசில்டோர்ஃபில் தொழில் செய்தவர் அவர். பனி படிந்த ஒரு கண்ணாடித் தகட்டின் பின்னால் பெண்களை நிறுத்தினார், அதிலும் கன்னியாஸ்திரிகளின் உடையில் சிலரை. பெரும் சர்ச்சை எழுந்தது. போத்தலின்மேல் பனியைக் காட்டுவதுதான் வழக்கம்; வில்ப் பனியைப் பார்ப்பவரின் கண்ணுக்கும் மனிதருக்கும் நடுவில் வைத்துவிட்டார். குளிர்பானம் என்பது குடிக்கும் பொருள் என்பதிலிருந்து விலகி, இளமை, துணிவு, கொஞ்சம் விலக்கப்பட்ட இன்பம் என்று மாறியது. பானத்தின் ருசி பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை.

பக்கத்து எஸ்சன் நகரத்தின் கதை இதற்கு நேர்மாறு. கொக்கா கோலா யேர்மனிக்கு வந்தது 1929 இல், எஸ்சனுக்குத்தான். போர்க்காலத்தில் அமெரிக்காவிலிருந்து மூலப்பொருள் வருவது தடைப்பட, அங்கே பொறுப்பாக இருந்த மக்ஸ் கைத் என்பவர் 1940 இல் கிடைத்ததைக் கொண்டு ஒரு பானம் தயாரிக்க வைத்தார். பாற்கட்டி செய்யும்போது மிஞ்சும் நீரும், அப்பிள் பிழிந்தபின் எஞ்சும் சக்கையும் அதில் சேர்ந்தன. பெயர் பன்ரா. ஒறேஞ் நிறத்தில் இன்று நாம் அறிந்த பன்ரா 1955 இல் இத்தாலியில் வந்தது. கழிவுச் சாற்றிலிருந்து பிறந்த ஒன்று, பிற்காலத்தில் மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த பழத்தின் முகத்தோடு சுவரொட்டிகளில் சிரித்தது.

சரி, வைத்தியத்துக்கு வருவோம்.

தாகம் என்பது இரத்தத்தில் உப்பின் செறிவு கூடும்போது மூளை தரும் கட்டளை. குடித்த தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தைச் சென்றடையச் சற்று நேரம் எடுக்கும். ஆனால் குளிர்ந்த எதுவும் வாயையும் தொண்டையையும் தொட்டவுடனே தாகம் தணிந்தது போன்ற உணர்வு வந்துவிடுகிறது. அங்குள்ள குளிர் உணரும் நரம்புகள் மூளைக்கு முற்பணம் கட்டிவிடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயுக் குமிழிகளின் உறைப்பும் இந்த உணர்வைக் கூட்டும். இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் சிறுநீரக நோயாளிகளுக்கு அளவாகத்தான் நீர் அருந்தலாம் என்பதால், வாயில் ஒரு சிறு ஐஸ் கட்டியை வைத்திருக்கச் சொல்கிறோம். ஒரு வாய்த் தண்ணீரின் பகுதியளவே உள்ளே போகும், தாகம் பெரிதாகக் குறையும்.

ஆகவே அந்தச் சுவரொட்டி காட்டும் இன்பம் பொய்யானதல்ல. குளிரும் குமிழியும் தரும் இன்பம் அது. குளிர்ந்த வெறும் தண்ணீரும் ஸ்புறூடலும் அதை முழுதாகத் தரும். சீனிக்கு அதில் பங்கே இல்லை. ஆனால் சீனி அந்த இன்பத்தின் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறது. குளிர் நாக்கின் இனிப்புணர்வை மந்தமாக்கும். மூடி திறந்து சூடாகிப்போன கோலாவை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பாகு போல இனிக்கும். அவ்வளவு சீனியும் குளிர்ந்தபோதும் அதற்குள் இருந்ததுதான்.

எவ்வளவு? 330 மில்லிலீற்றர் கோலா ரின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம். இங்கு கடையில் வாங்கும் 3 கிராம் சீனிக்கட்டியில் கிட்டத்தட்ட பன்னிரண்டு. ஒன்றரை லீற்றர் போத்தலில் ஐம்பதுக்கு மேல். நாளொன்றுக்கு உண்ணும் சக்தியில் பத்து வீதத்துக்குக் குறைவாகவே சேர்க்கப்பட்ட சீனி இருக்கவேண்டும், ஐந்து வீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறியது. வளர்ந்த ஒருவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. ஒரு ரின்னுடன் கணக்கு முடிந்தது. பாணில் பூசும் நுற்றெல்லாவும் தேநீர்ச் சீனியும் பிறகு வருபவை.

எம்மவருக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய விடயம். தெற்காசியர்களான எமக்கு, யேர்மனியர்களைவிடக் குறைந்த எடையிலும் இளம் வயதிலும் நீரிழிவு வருகிறது. பார்வைக்கு மெலிந்தவராகத் தெரிவார். வயிற்றில் மட்டும் சிறு தொப்பை. இரத்தம் எடுத்துப் பார்த்தால் சீனி கூடியிருக்கும், ஈரலில் கொழுப்பு இருக்கும். குடிக்கும் சீனி வயிற்றை நிரப்புவதில்லை. அரை லீற்றர் கோலாவுக்குப் பிறகும் அதே அளவு சோறு உள்ளே போகும். பற்களுக்குச் சீனியோடு அமிலமும் சேர்ந்து செய்வதைப் பற்றி உங்கள் பல் வைத்தியரிடம் கேளுங்கள்.

இப்போது நாம் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். அடங்காத தாகமே ஒரு நோயின் அறிகுறியாக இருக்கலாம். ஒரு பிள்ளை வழக்கத்துக்கு மாறாகக் குடித்துக்கொண்டே இருக்கிறது, இரவில் எழுந்து எழுந்து சிறுநீர் கழிக்கிறது, படுக்கை நனைக்காத பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்குகிறது, உடம்பு மெலிகிறது என்றால் அது முதலாம் வகை நீரிழிவாக இருக்கக்கூடும். வெயில் காலம், விளையாடிக் களைத்துவிட்டான் என்று சொல்லிக் குளிர்ந்த பன்ராவை நீட்டும் வீடுகளில் இந்த அறிகுறி மறைந்து போகிறது. அதுமட்டுமல்ல, கொடுக்கும் சீனியே தாகத்தை இன்னும் கிளப்புகிறது. நாளைக்கு, அடுத்த கிழமைக்கு என்று தள்ளாமல் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். வாந்தி, வயிற்று நோ, ஆழ்ந்த வேகமான மூச்சு, மயக்கத் தன்மை, மூச்சில் பழவாசனை என்பன சேர்ந்தால் 112 ஐ அழையுங்கள்.

இன்னொன்று. இன்சுலின் எடுப்பவருக்குச் சீனி திடீரெனக் குறைந்து நடுக்கமும் வியர்வையும் வந்தால், அந்த நேரத்தில் சாதாரண கோலா ஒரு கிளாஸ் நல்ல மருந்து. சீரோ, லைட் என்று எழுதியவை அப்போது உதவா. மற்றப்படி சீரோ வகைகள் சீனிக் கோலாவைவிட மேல்தான். ஆனால் எடை குறைப்பதற்கு இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவுரை கூறியிருக்கிறது.

கோடை விடுமுறைக்கு இலண்டனில் உள்ள உறவினரிடம் போகிறவர்களுக்கும் ஒரு சொல். அங்கே நீல நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் சுழன்றுகொண்டிருக்கும் சிலஷ் பானங்களில் சீனியைக் குறைத்துவிட்டு, உறையாமல் இருப்பதற்காகக் கிளிசரின் சேர்க்கிறார்கள். ஆம், அதே கிளிசரின்தான். சிறு குழந்தைகள் அதை வேகமாகக் குடித்து இரத்தச் சீனி குறைந்து சோர்ந்து விழுந்த சம்பவங்களுக்குப் பின்னர், நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானிய உணவுத் தர முகவரகம் 2023 இல் கூறி, 2025 இல் அதை ஏழு வயதுக்கு உயர்த்தியது.

சட்டம் எம்மைக் காப்பாற்றாதா? ஓரளவுக்கு. டுசில்டோர்ஃபின் ரீகன்ன நிறுவனம் சிறுவர்களுக்கான ஒரு பழத் தேநீர்ப் பெட்டியில் றாஸ்ப்பெரிப் பழமும் வனிலாப் பூவும் அழகாகப் போட்டிருந்தது. உள்ளே அவற்றின் சாரம்கூட இல்லை. நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. பின்பக்கத்துப் பட்டியலில் உண்மையைச் சொல்லியிருந்தாலும் முன்பக்கத்துப் படம் ஆளை ஏமாற்றலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015 யூன் மாதத்தில் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் யேர்மன் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எமது பிள்ளைகளின் பாடசாலைப் பைகளில் தவறாமல் இருந்த கப்ரி சொன்னவுக்கு, சிறுவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்ததற்காக பூட்வொச் அமைப்பு 2013 இல் அவ்வாண்டின் மோசமான விளம்பரத்துக்கான பரிசைக் கொடுத்தது. பழக்கடை போல் பழம் வரைந்த அந்தப் பையில் அப்போது ஆறு சீனிக்கட்டி அளவு இருந்தது.

ஆனால் கிளிசரின் துளி வேறு வகை. போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது குளிரத்தானே செய்யும்? படத்தில் இல்லாத எதையும் அவர்கள் சொல்லவில்லை. எந்த நீதிமன்றத்தாலும் இதைப் பிடிக்க முடியாது, பிடிக்கவேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. சிறுவர் கண்ணில் படும் இடங்களில் இவ்விளம்பரங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே எமது கருத்து. 2023 பெப்ரவரியில் அப்போதைய உணவு அமைச்சர் ஜெம் ஒஸ்டமிர் அப்படியொரு சட்ட வரைவை முன்வைத்தார். கூட்டணிக்குள் இழுபறிப்பட்டு, 2024 நவம்பரில் அரசே உடைந்தபோது அதுவும் கரை சேராமல் போயிற்று. பிரித்தானியா 2018 இல் சீனிப் பானங்களுக்கு வரி போட்டது. நாம் உயிருக்குப் பயந்து விட்டு வந்த இலங்கை, 2016 இலேயே குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடையாளமிடச் செய்து, 2017 இல் ஒரு கிராம் சீனிக்கு ஐம்பது சதம் என்று வரியும் விதித்தது. அந்நாட்டு அரசைப் பாராட்டும் சந்தர்ப்பங்கள் எமக்கு அதிகம் வாய்ப்பதில்லை, இது ஒன்று.

இனி எமது மண்டபங்களுக்குள் வருவோம். சாமத்திய வீடு, பிறந்தநாள், ஆண்டு விழா எதுவானாலும் மேசைக்கு மேசை கோலா, பன்ரா, ஸ்பிறைற் போத்தல்கள் வரிசையாக நிற்கும். வீடியோக்காரர் முதலில் அந்த வரிசையைத்தான் ஒரு சுற்று எடுப்பார். அதைக் குறை சொல்லும்முன் அது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். ஊரில் வீட்டுக்கு ஆள் வந்தால் சந்திக் கடைக்குப் பிள்ளையை ஓடவிட்டுச் சோடா வாங்கி உடைத்துக் கொடுப்பது பெரிய மரியாதை. யாழ்ப்பாணத்தில் 1990 இலிருந்து பல ஆண்டுகள் மின்சாரமே இல்லை. குளிர்ந்த பானம் என்பது நினைவில் மட்டும் இருந்தது. அகதிகளாக இங்கு வந்து, ஹைமில் ஒரு அறைக்குள் நாலு பேராக இருந்த காலத்தில், ஒரு பெட்டி கோலா வாங்கி வைக்க முடிந்த நாள் எமக்கு ஒரு நல்ல நாள். எமக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இன்று அது தினமும் கிடைக்கிறது என்பதுதான் சிக்கல். மரியாதைப் பொருளாக இருந்தது அன்றாடத் தண்ணீராகிவிட்டது.

அந்த மரியாதையை வைத்துக்கொண்டே பானத்தை மாற்றலாம். கோயில் திருவிழாக்களில் தாகசாந்தி என்று பந்தல் போட்டு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்த்தவர்கள் நாம். ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போனவர்களுக்கு வெயிலில் ஒரு கிளாஸ் மோரின் அருமை தெரியும். இஞ்சியும் கறிவேப்பிலையும் உப்பும் சேர்ந்த மோர் வியர்த்தவனுக்கு உப்பையும் நீரையும் ஒருங்கே தருகிறது. 2019 யூலை 25 இல் டுயிஸ்பேர்க்கில் 41.2 பாகை வெப்பம் பதிவானது போன்ற நாட்கள் இனிமேல் அபூர்வமல்ல. வயோதிபருக்குத் தாக உணர்வே மங்கிவிடும்; அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் கையில் கொடுங்கள். நாளுக்கு ஒன்றரை லீற்றர் அளவு பொதுவாகப் போதும். இருதய, சிறுநீரக நோயாளிகள் தமது வைத்தியர் சொன்ன அளவையே பின்பற்றவேண்டும். இந்நாட்டுக் குழாய்த் தண்ணீர் கடுமையாகச் சோதிக்கப்படுவது. இரவு முழுக்கக் குழாயில் தேங்கியதைக் கொஞ்சம் ஓடவிட்டு, குளிர்ந்து வரும்போது பிடியுங்கள்.

தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். அப்போதெக்கவில் ஒரு சிறு போத்தல் கிளிசரின் வாங்கி, பிள்ளைகளிடம் ஒரு பழைய போத்தலையும் கைத்தொலைபேசியையும் கொடுத்து, பின்னாலிருந்து வெளிச்சம் பிடித்து, அவர்களே அந்தப் படத்தை எடுக்கட்டும். ஒரு முறை தன் கையால் பொய்த் துளி விசிறிய பிள்ளை, பிறகு சுவரொட்டியை வேறு கண்ணால் பார்க்கும். அடுத்ததாக ஒரு கண்ணாடி ஜக்கில் தண்ணீர், தேசிக்காய் வட்டங்கள், புதினா இலை, உண்மையான ஐஸ் போட்டு அதையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குக் கிளிசரின் தேவைப்படாது. எடுத்து முடிந்ததும் குடித்துவிடலாம்.

சங்க நிர்வாகத்திடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம், இங்கேயும் கேட்கிறோம். இந்தக் கோடை விளையாட்டுப் போட்டியில் மைதானத்து விற்பனைக் கூடாரத்தின் முன்வரிசையில் தண்ணீரும் மோரும் இருக்கட்டும், விலையும் அவற்றுக்கே குறைவாக இருக்கட்டும். கோலா வேண்டுபவர் கேட்டு வாங்கட்டும், பின்னால் இருந்து எடுத்துக் கொடுப்போம். அனுசரணையாளர் தரும் பெரிய போத்தல் பதாகையைச் சிறுவர் ஓட்டப் பாதையின் முடிவுக் கோட்டில் கட்டவேண்டாம். மோருக்கு 40 லீற்றர் தயிரும் இரண்டு பெரிய அண்டாக்களும் தேவை. அண்டா வைத்திருப்போர் காரியதரிசியிடம் பெயரைப் பதியுங்கள். இஞ்சி இடிக்கக் காலையில் ஐந்து பேர் வந்தால் போதும்.